மீசை போன பங்காளிகள்

எங்கள் பயிற்சி மையத்தைத் திறந்து வைக்கச் சென்னையிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்திருந்தார். "இந்தப் பெண்கள் கையில் ஒரு மவுஸைக் கொடுங்கள், உலகமே மாறிவிடும்" என்று பேசிவிட்டு, முந்திரி போட்ட கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். நானும் கொடுத்தேன். உலகம் மாறவில்லை. கூமாப்பட்டியில் ஒரு வம்சத்துக்கே மீசை போயிற்று.

நான் ஸாவித்ரி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. தினமும் பஸ் பிடித்து ராஜபாளையம் போய், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில், வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறேன். டைப்பிங், எக்செல், இமெயில், டிசைனிங். படிப்பு இலவசம். இலவசம் என்று போர்டு மாட்டினால் பெண்கள் வந்துவிடுவார்கள், அதில் ஒரு சிரமமும் இல்லை. முடித்தவர்களுக்கு வேலை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கழுத்தைப் பிடிக்கும் விஷயம். டிகிரி முடித்த பெண்ணுக்கு மவுஸைப் பிடிக்கத் தெரியவில்லையே என்று சிரிப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் அண்ணனுக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்த வீட்டில், அவளுக்குக் கிரைண்டர் சுவிட்சைத்தானே காட்டியிருக்கிறார்கள்?

இந்தக் கதை யுவராணியைப் பற்றியது. கூமாப்பட்டிப் பெண். பி.காம். முடித்தவள். டிசைனிங்கில் அவளுக்குக் கை அப்படி ஓடும். கை மட்டும்தான் ஓடும். கால் ஓடாது. அதுதான் அவள் வீட்டில் பிரச்சினையே.

ஏனென்றால் அது போலீஸ் வீடு. அப்பா முத்துப்பாண்டி ஸ்பெஷல் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா வழியில் பாதிப் பேர் ராணுவம், அம்மா வழியில் பாதிப் பேர் போலீஸ். அந்த வீட்டுக் கொடியில் காக்கி காயாவிட்டால் பச்சை காயும். ஒரே மகளையும் போலீஸில் சேர்த்துவிட வேண்டும் என்று அவர் விடியற்காலையில் விசில் ஊதி எழுப்பி, கண்மாய்க் கரையில் ஓடவிடுவார். வெளிநாட்டு மாடல் ஷூ ஒன்று, பச்சையும் ஆரஞ்சுமாக, கண்ணைக் குத்துகிற நிறத்தில் வாங்கிக் கொடுத்திருந்தார். யுவராணி அதைக் கையில் தூக்கிக்கொண்டு கரையில் நடந்துவிட்டு வருவாள். உடல்தகுதித் தேர்வில் இரண்டு தடவை, மற்ற பெண்கள் ஓடி முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டுத் தலைவாரிக்கொண்ட பிறகு கோட்டைத் தொட்டவள் அவள்.

முத்துப்பாண்டி எங்கள் மையத்தைச் சோதனையிட ஒருநாள் வந்தார். கட்டடச் சொந்தக்காரர் ராஜு வளர்க்கும் வெள்ளை நாய் ஒன்று மாடிப்படியில் எப்போதும் படுத்திருக்கும். சென்னைப் பெரிய மனிதரையே கால்மணி நேரம் தெருவில் நிறுத்தி வைத்த நாய் அது. முத்துப்பாண்டியின் மீசையைப் பார்த்ததும் எழுந்து சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டது. குறை சொல்வதற்கில்லை. இரண்டு பக்கமும் கன்னத்தில் ஏறி, நுனியில் சுருண்டு நிற்கிற மீசை. எனக்கே எழுந்து நிற்கத் தோன்றியது.

"டீச்சரம்மா, ஒரே பேச்சு" என்றார். "பயிற்சி முடியுத அன்னிக்கு இவ கையில ஒரு வேலைக்கான ஆர்டர் இருக்கணும். இல்லேன்னா இவ பெட்டி போலீஸ் கோச்சிங் ஹாஸ்டல்ல இருக்கணும். அங்க ஓடவைக்குத வெதத்துல ஓடவைப்பாக."

யுவராணி திரையைப் பார்த்தபடியே இருந்தாள். அவர் இறங்கிப் போன பிறகு, "மேடம், நான் ஹாஸ்டலுக்குப் போனா செத்துருவேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, தான் வரைந்துகொண்டிருந்த பால்கோவா டப்பாவுக்குப் பச்சை நிறம் நிரப்பினாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் தெருவில்தான் என் அத்தை பிள்ளை, பார்த்தா என்று பெயர், ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சிக் கூட்டம், எல்லாம் அவனிடம்தான். அவனிடமிருந்த டிசைனர் பையன் திருப்பூருக்குப் போய்விட்டான் என்று தெரிந்ததும் போய் உட்கார்ந்தேன்.

"பொண்ணா?" என்றான் பார்த்தா. "கஸ்டமர்லாம் சண்டைக்கு வருவா. மாமன் போட்டோ சின்னதாப் போச்சு, மச்சான் போட்டோ கீழ போச்சுன்னு மேஜையத் தட்டுவா. பொண்ணு என்ன பண்ணுவா?"

"நீ என்ன பண்ணுவே?" என்றேன்.

"நான் உள்ளே போயிடுவேன்."

"அவ உள்ளே போக மாட்டா."

அரை மனதாக ஒப்புக்கொண்டான். ஒரே ஒரு ஃப்ளெக்ஸ் செய்து காட்டட்டும். கஸ்டமர் குறை சொல்லாமல் ஏற்றுக்கொண்டால் அன்றைக்கே ஆர்டர். குறை என்று ஒரு வார்த்தை வந்தால் நமஸ்காரம். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த நாளே அவன் கடைக்கு வந்த முதல் கஸ்டமர் முத்துப்பாண்டி. அப்போதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அவருடைய சித்தப்பா மகன் சின்னக்கருப்பன் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்புகிறான். ஊர் முக்கில் வரவேற்பு. மேளம், வெடி, மாலை, ஃப்ளெக்ஸ். சித்தப்பா பேச்சிமுத்து பெயரில் ஆர்டர். "நம்ம புள்ளை வேலை செய்யப்போற எடம், நம்ம வேலையாவே இருக்கட்டும்" என்றார் முத்துப்பாண்டி பெருந்தன்மையாக.

ஃப்ளெக்ஸ் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நடுவில் சின்னக்கருப்பன் சல்யூட் அடிக்க வேண்டும். பின்னால் பீரங்கி, கொடி, பனிமலை. அவன் பணியாற்றியது ராஜஸ்தானில் என்றாலும் பனிமலை வேண்டும். உச்சியில் பெற்ற தகப்பன், மல்லிகைப் பூ பார்டருக்குள், 'ஆசியுடன்'. இடது பக்கம் பங்காளிகள், வலது பக்கம் மாமன் மச்சான்கள். இதில் யார் பக்கத்தில் யார் என்பதுதான் பெரிய கலை. வயல் வரப்பில் பேச்சை நிறுத்தியவர்கள் ஃப்ளெக்ஸில் தோளோடு தோள் உரசக்கூடாது. யுவராணி இதை அழகாகச் செய்தாள். பேசாத அண்ணனையும் தம்பியையும் மேல் மூலைக்கும் கீழ் மூலைக்கும் அனுப்பி, நடுவில் எல்லாரோடும் பேசுகிற முத்துவீரனை உட்காரவைத்தாள். பார்த்தா எட்டிப்பார்த்துவிட்டு, "பரவால்லையே" என்றான். அவன் வாயிலிருந்து அது வந்தால் பெரிய விஷயம்.

சிக்கல் போட்டோவில் வந்தது. மச்சான்மார் எல்லாரும் போட்டிக்கு வத்திராயிருப்பு ஸ்டுடியோவில் போய், பவுடர் போட்டுப் புதுப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். பங்காளிகளின் படத்தை முத்துப்பாண்டியே தன் பழைய போனில் எடுத்தார். சர்வீஸ் பழக்கம். ஒவ்வொருவரையும் வீட்டுச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, நேராகப் பார்க்கச் சொல்லி எடுத்திருந்தார். லென்ஸ் வேறு கீறல். முகத்தில் பாதி நிழல். மொத்தப் பங்காளிகளும் தேடப்படும் குற்றவாளிகளைப் போல இருந்தார்கள்.

அதற்கு முந்தின வாரம்தான் நான் வகுப்பில் ஒரு பட்டனைக் காட்டியிருந்தேன். மங்கலான படத்தைக் கொடுத்து அதைத் தட்டினால், ஏஐ தானாகவே நிழலை நீக்கி, முகத்தைத் துலக்கி, அழகாக்கித் தரும். சின்னக்கருப்பன் படமும் அவன் அப்பா படமும் தெளிவாகத்தான் இருந்தன. யுவராணி இடது பக்கத்துப் பங்காளிகளை மட்டும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அந்தப் பட்டனைத் தட்டினாள்.

அதை உருவாக்கியவன் எந்த ஊர்க்காரனோ, எங்கள் பக்கத்து மீசையை அவன் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. கருப்பாக இருந்ததெல்லாம் நிழல்தான் என்று அந்த ஏஐ நினைத்துக்கொண்டது. துடைத்து எடுத்துவிட்டது.

யாரும் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தோம். யுவராணி பார்த்தாள், நான் பார்த்தேன், பார்த்தா பார்த்தான், வாட்ஸப்பில் முத்துப்பாண்டியும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். போட்டோ வைக்கிற இடத்தை விட்டால், எங்கள் பக்கம் ஃப்ளெக்ஸ் சண்டை எல்லாம் எழுத்தில்தான் வரும். இனிஷியல் மாறினால் வம்சமே மாறின மாதிரி. அதனால் நாங்கள் நான்கு பேரும் இனிஷியலைப் பார்த்தோம், 'திரு' இருக்கிறதா என்று பார்த்தோம், ராணுவப் பதவி நாயக்கா ஹவில்தாரா என்று பார்த்தோம். முத்துப்பாண்டி, முத்துவீரன் பெயருக்குப் பின்னால் ஒரு 'அவர்கள்' சேர்க்கச் சொன்னார். முகத்தை ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. தெரிந்த முகத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

விடியற்காலை இருட்டில் ஆட்கள் போய் ஃப்ளெக்ஸைக் கட்டிவிட்டு வந்தார்கள். நன்றாக விடிந்ததும் யுவராணி எனக்குப் போன் செய்தாள்.

"மேடம், செத்த நேரத்துல இங்க வர முடியுமா? பார்த்தா ஸாரையும் கூட்டியாங்க."

"என்னடி, எழுத்துப்பிழையா?"

"எழுத்தெல்லாம் சரியாத்தான் மேடம் இருக்கு" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

பார்த்தாவின் ஸ்கூட்டரில் போய் இறங்கினோம். ஊர் முக்கில் கூட்டம். அண்ணாந்து பார்த்தேன். வலது பக்கம் மச்சான்மார் ஸ்டுடியோ வெளிச்சத்தில் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார்கள். இடது பக்கம் பங்காளிகள் அத்தனை பேரும் வழுவழுவென்று, ரோஜா நிறத்தில், சோப்பு விளம்பரத்துக் குழந்தைகளைப் போல இருந்தார்கள். கீழே 'போர்க்களம் கண்ட குலம்' என்று கொட்டை எழுத்து.

பெண்கள் ஒரு பக்கமாக நின்று, முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு குலுங்கினார்கள். அவர்கள் நடுவில் முத்துப்பாண்டியின் மனைவி வெள்ளத்தாய் மட்டும் சிரிக்காமல் புருஷன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், கல்யாணம் ஆன நாளையிலருந்து இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றாள் என்னிடம் ரகசியமாக. "அவியளுக்கு மேலுதட்டுல ஒரு மச்சம் இருக்கு."

முத்துப்பாண்டி ஃப்ளெக்ஸுக்குக் கீழே நின்றார். மேலே வழுவழு முத்துப்பாண்டி, கீழே மீசை முத்துப்பாண்டி. பங்காளிகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் படத்துக்கு நேர் கீழே நின்று, பார்த்துவிட்டு, தங்கள் மீசையைத் தடவி இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டார்கள்.

"இதை அடிச்சது யாரு?" என்றார் முத்துப்பாண்டி, போலீஸ் குரலில்.

பார்த்தா ஒரு அடி பின்னால் போனான். "நான் பிரிண்ட் பண்றவன் மட்டும்தான் ஸார்" என்றான். உள்ளே போவதற்கு அங்கே உள்ளே என்று எதுவும் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் யுவராணி முன்னால் வந்துவிட்டாள். "நாந்தாம்ப்பா செஞ்சேன். படம் மங்கலா இருந்துச்சுன்னு அழகாக்குத பட்டனைத் தட்டுனேன். பொறவு முகத்தப் பாக்காம விட்டுட்டேன்."

"நாங்க அழகா இல்லேன்னு ஒனக்கு யாருட்டி சொன்னா?"

கூட்டம் ஒரு தடவை ஃப்ளெக்ஸையும் ஒரு தடவை பங்காளிகளையும் பார்த்தது.

வெள்ளத்தாய்தான் அப்போது அதைச் சொன்னாள். "அழகு கெடக்கட்டும். பங்காளி பூராவும் மீசையெடுத்து நிக்கீகளே, பாக்குதவன் எழவு வீடுன்னுல்ல நெனப்பான்."

எனக்கு அந்த வழக்கம் தெரியாது. அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அந்தக் குடும்பங்களில் பெரிய தலை ஒன்று சாய்ந்தால் பெற்ற மகனும் பங்காளிகளும் மீசையை எடுத்துவிடுவார்கள். மாமன் மச்சான் எடுக்க மாட்டார்கள். நான் மறுபடியும் அண்ணாந்து பார்த்தேன். பங்காளிகளுக்கு மீசை இல்லை. மச்சான்களுக்கு இருக்கிறது. உச்சியில் பேச்சிமுத்து, மல்லிகைப் பூவுக்குள். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் என்றால் இப்படித்தான் இருக்கும்.

அதே நேரம் முத்துப்பாண்டியின் போன் அடித்தது. மேளக்காரர்கள் தோலைச் சூடுகாட்டித் தட்டிக்கொண்டிருந்ததால் அவர் ஸ்பீக்கரில் போட்டார். சின்னக்கருப்பன்தான். ரயிலில் வந்துகொண்டிருந்தவன், எந்த விஷயமானாலும் அண்ணனைக் கேட்கிறவன்.

"அண்ணே" என்றான். "எவனோ ஸ்டேட்டஸ்ல போட்டிருக்கான். ஃப்ளெக்ஸப் பாத்தேன்."

முத்துப்பாண்டிக்கு அவமானம் உச்சிக்கு ஏறியது. "பாத்துட்டியா? பாத்துட்டேல்ல. போன்ல பேசுத விஷயமில்லப்பா. நேர்ல வா."

"எப்பண்ணே?"

"விடியக்காலம்தான். நாங்களே விடிஞ்சுதான் பாத்தோம்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே அண்ணே."

"சொன்னா மட்டும் நீ ரயில்ல இருந்துக்கிட்டு என்ன செய்வே? மனசைத் தேத்திக்கிட்டு வந்து சேரு."

அந்தப் பக்கம் ஒரு கேவல் கேட்டது. லைன் போய்விட்டது. முத்துப்பாண்டி போனைப் பார்த்து, "மீசைக்குப் போய் இம்புட்டு அழுதானே, நல்ல பய" என்றார் நெகிழ்ந்து.

வெள்ளத்தாய் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அவுக கேட்டது என்ன, நீங்க சொன்னது என்ன? போடுங்க திரும்ப."

போட்டார். ஸ்விட்ச் ஆஃப். இன்னொருவர் போட்டார். ஸ்விட்ச் ஆஃப். சின்னக்கருப்பனின் மனைவி கோயிலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள், போன் வீட்டில். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம், வாடகைக் காரில் நேராக ஊர் முக்குக்கே வந்து இறங்குகிறேன், எல்லாம் அங்கே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவனே முன்பு சொல்லியிருந்தான். செய்வதற்கு ஒன்றும் இல்லை. எல்லாரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இத்தனையும் தெரியாமல் பேச்சிமுத்து, காது மந்தம், புது வேட்டி கட்டி, கையில் மாலையோடு நாற்காலியில் மகனுக்காகக் காத்திருந்தார்.

கார் வருவது தெரிந்ததும் மேளக்காரர்கள், அவர்களுக்குச் சொன்னபடி, அடிக்க ஆரம்பித்தார்கள். வெடிக்காரன் சரத்தைப் பற்றவைத்தான். நிறுத்தச் சொல்லி முத்துப்பாண்டி விசில் ஊதினார். அதையும் மேளத்தோடு சேர்த்துக்கொண்டார்கள்.

காரிலிருந்து சின்னக்கருப்பன் இறங்கினான். காலில் செருப்பில்லை. கையில் வத்திராயிருப்பில் வாங்கின ஆள் உயர ரோஜா மாலை. முகத்தில் மீசையும் இல்லை.

ராணுவக்காரன் பையில் ரேஸர் எப்போதும் இருக்கும். பங்காளி எல்லாம் எடுத்துவிட்டான், பெற்ற மகன் மீசையோடு போய் நிற்பதா என்று, ஓடுகிற ரயிலில், கழிவறைக் கண்ணாடியைப் பார்த்து அவன் எடுத்துவிட்டான். எங்கே பார்த்தாலும் பங்காளிகளின் மீசை முறுக்கிக்கொண்டு நிற்க, ஃப்ளெக்ஸில் மீசையோடு சல்யூட் அடித்தவன் மீசையில்லாமல் கீழே நின்றான்.

"எனக்காவ ஒடம்ப ஒரு நாள் வச்சிருக்கக் கூடாதா?" என்று அழுதுகொண்டே முன்னால் வந்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுற்றி நின்ற மீசைகளைப் பார்த்தான். குழம்பினான். பங்காளிகள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். எதிரே நாற்காலியில் அவன் அப்பா.

பேச்சிமுத்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஏலே, மீசை எங்கலே?"

மாலை கீழே விழுந்தது. அவ்வளவு பெரிய மனிதன் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். மேளக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் இப்போது முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்கள். எனக்கும் மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது. பார்த்தாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டான், அவனுக்கு வேறு கவலையும் இருந்தது.

பேச்சிமுத்துவின் காதில் வெள்ளத்தாய் குனிந்து, நடந்ததை உரக்கச் சொன்னாள். கிழவர் முழுவதும் கேட்டார். ஃப்ளெக்ஸைப் பார்த்தார். காலடியில் கிடக்கும் மகனைப் பார்த்தார்.

"லீவு முடிஞ்சு போறப்பல்லாம் பொட்டியத் தூக்கிட்டுத் திரும்பிப் பாக்காமப் போவான்" என்றார் பொதுவாக. "ஒரு பொட்டுக் கண்ணீர் விட்டதில்ல. இவனுக்கு நம்ம மேல பாசம் கெடையாதுன்னே நெனச்சிருந்தேன். செத்தபொறவு மவன் அழுதத எந்த அப்பன் பாத்தான்? நான் பாத்துட்டேன்." பிறகு நிமிர்ந்து, "ஃப்ளெக்ஸ் அடிச்சது யாரு?" என்றார்.

யுவராணி இரண்டாவது தடவையாக முன்னால் வந்தாள். "நாந்தான் தாத்தா."

"எனக்கு ஒரு கொறையும் இல்ல தாயி."

நான் பார்த்தாவைப் பார்த்தேன். அவன் ஆகாயத்தைப் பார்த்தான். "அவருக்குக் குறை இல்லைன்னாலும், மத்தவாள்லாம்..." என்று இழுத்தான். பங்காளிகள் பக்கம் முணுமுணுப்பு எழத்தான் செய்தது. முத்துவீரன், "அதெப்படி, நாங்க என்ன மாதிரி நிக்கோம் பாருங்க" என்றார்.

முத்துப்பாண்டி கையை உயர்த்தினார். முணுமுணுப்பு அடங்கியது. இந்த மனிதர் எந்தப் பக்கம் சாய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. யுவராணியின் கை சுடிதார் துப்பட்டாவைத் திருகிக்கொண்டிருந்தது. அவள் பெட்டி வீட்டில் கட்டி வைத்தாயிற்று என்று எனக்குத் தெரியும்.

"ஆர்டர் யாரு பேர்ல?" என்று கேட்டார் பார்த்தாவிடம்.

"பேச்சிமுத்து பேர்ல."

"புகார் குடுக்க வேண்டியவர் அவரு. அவரே புகார் இல்லைங்காரு. கேஸ் முடிஞ்சுது" என்றார். பிறகு பங்காளிகளைப் பார்த்துத் திரும்பினார். "இன்னொண்ணு. இதைச் செஞ்சது யாருன்னு கேட்டதும், நாந்தான்னு முன்னால வந்து நின்னா. ரெண்டு வாட்டி. என் சர்வீஸ் பூராவும் எத்தனை பேரைக் கேட்டிருக்கேன், ஒரு பய அப்படிச் சொன்னதில்ல." உடனே திரும்பி மகளை முறைத்தார். "ஆனா போன மீசைய நீதான் வச்சுக் குடுக்கணும். இப்பவே. ஏணி கொண்டாங்கலே."

கருப்பு பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷும் வந்தன. மூங்கில் ஏணி வந்தது. யுவராணியின் செருப்பு வழுக்கியதால் வெள்ளத்தாய் வீட்டுக்கு ஓடி, கண்ணைக் குத்தும் அந்த ஷூவை எடுத்துவந்தாள். யுவராணி முதல் தடவையாக அதைக் காலில் போட்டாள். முத்துப்பாண்டி ஏணியைக் கீழே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வரவேற்பு விழா என்பது இதுதான். அவள் மேலே ஏறி நின்று ஒவ்வொரு பங்காளியாக மீசை வரைய, சம்பந்தப்பட்டவர் கீழே நின்று உத்தரவு போட்டார். "இன்னும் செத்த மேல ஏத்து தாயி." "நுனிய முறுக்கு." "அவனுக்கு எதுக்கு அம்புட்டு பெருசு? எனக்கு வை." மெலிந்த மீசைக்காரர்கள் அன்றைக்குக் கொழுத்தார்கள். மீசையே சரியாக வளராத ராம்குமார் என்ற இளவட்டத்துக்குக்கூட, அவன் கெஞ்சிக் கேட்டதால் ஒரு அருவாள் மீசை கிடைத்தது. மச்சான்மார் எதிர்ப்பக்கம் பொறாமையோடு நின்றார்கள். மீசையில்லாமல் வந்த சின்னக்கருப்பன், அப்பா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் கையை விடாமல் பிடித்தபடி இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கடைசியாக முத்துப்பாண்டியின் முகம். உச்சிக்குக் கிட்டத்தில், ஏணியின் கடைசிப் படி. யுவராணி தயங்கினாள். "பயப்படாம ஏறு. நான் புடிச்சிருக்கேன்" என்றார். ஏறினாள். அப்பாவுக்கு அவள் வைத்த மீசை, கன்னத்தைத் தாண்டி, காதைத் தொட்டு, பக்கத்துப் பனிமலையில் போய் முடிந்தது. அவர் தள்ளி நின்று பார்த்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அளவாத்தான் இருக்கு" என்றார்.

பார்த்தா அன்றைக்கு மாலையே கடை முத்திரை குத்தி ஆர்டர் கொடுத்தான். கொடுக்காமல் ஊரைவிட்டு வர முடியாது என்று அவனுக்குப் புரிந்திருந்தது. நான் ஸ்கூட்டரில் ஏறும்போது வெள்ளத்தாய் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள். "டீச்சர், அந்த மீசையில்லாத படம் ஒண்ணு சின்னதா அடிச்சுத் தர முடியுமா? அவியளுக்குத் தெரிய வேண்டாம். பீரோக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிக்கிடுதேன்."

யுவராணி இப்போது பார்த்தா கடையில்தான் இருக்கிறாள். மேஜையைத் தட்டுகிற கஸ்டமர் வந்தால் பார்த்தா உள்ளே போய்விடுகிறான், இவள் போவதில்லை. ஃப்ளெக்ஸ் முடிந்ததும் எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பிரிண்டுக்கு அனுப்புகிறாள்.

சென்ற வாரம் கூமாப்பட்டியில் சேர்க்கைக்காக வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டியிருந்தது. காலையில் ஊர் முக்கில் இறங்கினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. தெருக்கோடியிலிருந்து யுவராணி தோளில் பையோடு, அந்தப் பச்சை ஆரஞ்சு ஷூவில், பறந்து வந்தாள். கண்டக்டர் விசிலை வாயில் வைக்கப்போனார். அதற்குள் இன்னொரு விசில் கேட்டது. முத்துப்பாண்டி பஸ்ஸுக்குக் குறுக்கே நின்று ஊதிக்கொண்டிருந்தார். டிரைவர் பிரேக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் தாவி ஏறியதும் அப்பா வழிவிட்டார்.

பஸ் போனது. அவர் என்னைப் பார்த்தார்.

"பாத்தீகளா டீச்சரம்மா" என்றார். "எம்புட்டு வேகம். இதுல பாதி ஓடியிருந்தா அன்னைக்கு செலக்‌ஷன்."

அவர் பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, "நல்லவேளை, ஓடலை" என்றார்.